பல் தெரியாத சிரிப்பு

இனிமேல் வீட்டில் வாயைத் திறப்பதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை தீர்மானம் செய்தேன்.

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் நான் செய்த தீர்மானங்களில் என் மனைவி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது இது ஒன்றுதான். மூன்று நாள் கழித்து, இப்போதெல்லாம் நான் ரொம்பப் பக்குவமாகிவிட்டேன் என்றுகூடப் பாராட்டினாள். பக்குவமும் இல்லை, பண்பும் இல்லை. பல். மேல் வரிசையில், வலது பக்கம், கடைசிக்கு முந்தின கடைவாய்ப்பல். வாயைத் திறந்தால் காற்றுப் பட்டது. காற்றுப் பட்டால் காதுவரை மின்சாரம் பாய்ந்தது. மின்சாரம் பாய்ந்தால் முகம் கோணியது. முகம் கோணினால் அவள் பார்த்துவிடுவாள். அவள் பார்த்துவிட்டால் அடுத்தது பல் டாக்டர்.

எனக்குப் பல் டாக்டர் என்றால் பயம். பாம்பைப் பார்த்தால் ஒதுங்கிப் போவேன். பல் டாக்டர் போர்டைப் பார்த்தால் தெருவையே மாற்றிக்கொள்வேன். கடைவீதியில் ஒரு கிளினிக் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பல் படம் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கண் வைத்து, வாய் வைத்து, சிரிக்கவும் வைத்திருக்கிறார்கள். பல்லுக்கே பல் வைத்தவர்கள் எதற்கும் துணிந்தவர்கள். ஒன்பது வயதில் அந்த மாதிரி நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்தேன். இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொண்டார்கள், அப்பா தலையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து முடிவெட்டும் நாற்காலியில்கூட நான் நுனியில்தான் உட்காருகிறேன்.

என் தொழில் போட்டோ எடுப்பது. மனைவியின் தொழில் படம் வரைவது. வீட்டின் முன் அறை என் ஸ்டூடியோ. வடக்கு ஜன்னல் வைத்த பின் அறை அவளுடையது. தங்கள் உருவத்தை நீர்வண்ணத்தில் வரைந்து மாட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் முதலில் என் எதிரே ஒரு மணி நேரம் உட்காரவேண்டும். நான் எழுபது எண்பது படம் எடுப்பேன். அதில் ஒன்றை அவர்களும் அவளும் சேர்ந்து பொறுக்குவார்கள். அதைப் பார்த்து அவள் வரைவாள். நீர்வண்ணத்தில் வெள்ளை என்று தனியாகப் பூசுவது கிடையாது. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடவேண்டும். அதனால் அவள் யாருடைய பல்லையும் தொடுவதே இல்லை. அப்படிப்பட்டவள்தான் கடைசியில் என்னுடையதில் கை வைத்தாள்.

இரண்டு வாரம் சமாளித்தேன். இடது பக்கமாகவே மென்றேன். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, வயிறு சரியில்லை என்று சொல்லி விழுங்கினேன். யாரோ சொன்னார்களே என்று கிராம்பு வாங்கி, அவள் கண்ணில் படாமல் லென்ஸ் பையில் ஒளித்துவைத்தேன். ஒரு நாள் அவள் என் கேமராவைக் கையில் எடுத்தாள், மூக்கருகே கொண்டுபோனாள், ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள். பிழைத்தோம் என்று நினைத்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால்தான் ஆபத்து என்று பதினேழு வருஷத்தில் தெரிந்துகொண்டிருக்க வேண்டாமா?

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு அம்மாள் படம் எடுத்துக்கொள்ள வந்தார். மனைவிதான் ஏற்பாடு செய்திருந்தாள். என்ன வேலை பார்க்கிறவர் என்று கேட்டதற்கு, "கையால செய்யுற வேலை" என்று மட்டும் சொல்லியிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். நரையைச் சாயம் போட்டு மறைக்காத, அவசரமே இல்லாத மனுஷி. விளக்குகளைச் சரிசெய்து, வெள்ளைத் துணியைப் பிடித்து நிழலைக் குறைத்து, கேமராவுக்குப் பின்னால் போய் நின்றேன். எல்லாரும் கேமராவைப் பார்ப்பார்கள். கூச்சக்காரர்கள் தரையைப் பார்ப்பார்கள். இவர் என் கன்னத்தைப் பார்த்தார்.

கொஞ்சம் சிரிக்கச் சொன்னேன், உதட்டைப் பிரிக்காமலே. அவர் முதலில் என்னைச் சிரித்துக் காட்டச் சொன்னார். மூடின வாயோடு ஒரு சிரிப்புச் சிரித்தேன்.

"எந்தப் பக்கம் மெல்லுறீங்க?" என்றார்.

ரெண்டு பக்கமும்தான் என்று முனகினேன். இல்லையே, வலது கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறதே என்றார். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, பதில் வராமல் இருக்கவேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"பல் டாக்டர்."

அதற்கப்புறம் நான் எடுத்த நாற்பது படங்களில் ஒன்றுகூட ஆடாமல் விழவில்லை. சில படங்களில் அந்த அம்மாளுக்கு மூன்று கண் இருந்தது.

படங்களைப் பார்த்து மனைவி கோபப்படவில்லை. அதுவே என்னைக் கலக்கியது. டாக்டரும் அவளும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசினார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது டாக்டரின் சுபாவமே இல்லையாம். வேலை செய்கிற மாதிரி எடுத்தால்தான் படத்தில் உயிர் இருக்குமாம். ஆகவே வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, கிளினிக்கில், இன்னொரு தடவை. என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

புதன்கிழமை முழுவதும் தப்பிக்க வழி தேடினேன். கேமரா ரிப்பேர் என்றேன். அவள் அதை வாங்கி என்னையே ஒரு படம் எடுத்து, நன்றாக வேலை செய்கிறதே என்று காட்டினாள். காய்ச்சல் என்றேன், தர்மாமீட்டரை எடுத்து வந்தாள். அதை வாயில் வைக்கவேண்டும் என்றதும் காய்ச்சல் விட்டுவிட்டது. நண்பன் ஒருவனை அனுப்பலாம் என்றேன். அவன் வெளியூர் போயிருக்கிறான், முதல் வேலையாகவே விசாரித்துவிட்டேன் என்றாள். சாயங்காலம் கன்னம் இன்னும் வீங்கிவிட்டது. மப்ளரைச் சுற்றிக்கொண்டு, கொசு கடித்துவிட்டது என்றேன்.

அவள் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "உள்ளேருந்தா?"

இடது பக்கமும் லேசாக வலிக்க ஆரம்பித்திருந்தது. அன்று நான் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. பல் டாக்டர் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். வீக்கம் கண்ணை நோக்கி ஏறுகிறதோ என்று இன்னொரு பயமும் கிளம்பியது. கண்ணாடி முன்னால் நின்று விரலால் அழுத்திப் பார்த்தேன். கண்ணாடிக்குள் அவள் கதவருகே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்புவதற்குள் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை எனக்கு ஒரு யோசனை உதித்தது. என்னிடம் தூரத்துக் காட்சிகளை எடுக்கிற நீள லென்ஸ் ஒன்று உண்டு. பறவை பிடிக்கிற லென்ஸ். அதை மாட்டிக்கொண்டால் கிளினிக்குக்குள்ளேயே போகவேண்டாம். வாசற்படியில் நின்றபடி உள்ளே நடப்பதை எடுத்துவிடலாம். நாற்காலிக்கும் எனக்கும் இருபது அடி. ஏதாவது என்றால் ஓடுவதற்குத் தெரு. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு கிளம்பினேன்.

கடைவீதியில் அந்தச் சிரிக்கிற பல்லுக்கு முன்னாலேயே மனைவி வண்டியை நிறுத்தினாள். அதே கிளினிக். பத்து வருஷமாக எந்தத் தெருவைத் தவிர்த்தேனோ, அந்தத் தெருவிலேயே என்னை இறக்கிவிட்டாள்.

வாசற்படி ஏறியதும் அந்த வாசனை. மருந்தும் ரப்பரும் கலந்த, ஒன்பது வயதிலிருந்து என் மூக்கில் தங்கிவிட்ட வாசனை. சுவரெல்லாம் வெள்ளை. நடுவில் அந்த நாற்காலி, சாய்ந்து, காலை நீட்டி, யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி கிடந்தது. பக்கத்துத் தட்டில் வளைந்த கம்பிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். நான் வாசற்படியிலேயே நின்று லென்ஸை மாட்டினேன். அது மூன்றாவது தடவைதான் பொருந்தியது. உள்ளே பார்த்தால் டாக்டர் மட்டும் தெரிந்தார். நாற்காலியில் ஆள் இல்லை.

வருவதாகச் சொன்ன நோயாளி வரவில்லையாம். மனைவி சர்வ சாதாரணமாகச் சொன்னாள். இரண்டே நிமிஷம், வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்ப்பதற்காக மட்டும், நான் உட்கார்ந்தால் போதுமாம். கேமராவை அவள் பிடித்துக்கொள்வாளாம். நீயே உட்காரலாமே என்றேன். தான் படுத்துக்கொண்டால் டாக்டரின் கை எப்படி மடங்குகிறது என்று யார் பார்ப்பது, நாளைக்கு யார் வரைவது என்று கேட்டாள். நியாயமாகத்தான் இருந்தது. அவள் பேச்சில் அதுதான் கஷ்டம்.

ஒரு நிபந்தனை போட்டேன். உட்காருவேன், வாயைத் திறக்கமாட்டேன்.

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே, "மூடின வாய்க்கு முன்னாடி நான் நின்னா, முகச்சவரம் பண்றவ மாதிரி இருக்கும்" என்றார்.

சரி, திறக்கிறேன், ஆனால் யாரும் எதையும் தொடக்கூடாது என்றேன். தொடவேமாட்டோம், கண்ணாடி மட்டும் பிடிப்போம் என்றார்கள். உட்கார்ந்தேன். நுனியில்தான். டாக்டர் காலால் எதையோ அழுத்தினார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. நுனியில் இருந்த நான் வழுக்கி நட்டநடுவில் வந்து சேர்ந்தேன். தலைக்கு மேலே விளக்கு எரிந்தது. இத்தனை வருஷம் நான் எத்தனை பேர் முகத்தில் விளக்கைத் திருப்பியிருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

கேமரா சத்தம் கேட்டது. கிளிக், கிளிக். இன்னும் கொஞ்சம் திறக்கச் சொன்னாள். திறந்தேன். வலது பக்கம் திரும்பச் சொன்னாள். திரும்பினேன். பிறகு கிளிக் சத்தம் நின்றுவிட்டது. எங்கேயோ எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்றது. அது ஊசி என்று எனக்கு உறைத்தபோது வாய் மரத்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தேன். "வேண்டாம்" என்று நான் கத்தியது "ஏ-ஆம்" என்று வெளியே வந்தது.

"ஆமாங்கிறார் டாக்டர், நீங்க பண்ணுங்க" என்றாள் மனைவி.

கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்திருந்தாள். பிடித்த பிடியில் அவள் விரல்களும் நடுங்கிக்கொண்டிருந்தன. ஒற்றை மயிர்க் கோட்டை மூச்சு விடாமல் இழுக்கிற விரல்கள். அவை நடுங்கி நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்த பிறகு எழுந்திருக்க எனக்கு மனசு வரவில்லை.

ஏதோ ஒன்று முறுக்கியது. ஏதோ ஒன்று கரகரத்தது. தட்டில் டணார் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். முப்பத்தாறு வருஷம் பயந்த காரியம் நாலு நிமிஷத்தில் முடிந்துபோனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

உள்ளே சீழ் கட்டியிருந்ததாம். இன்னும் ரெண்டு மூன்று நாள் விட்டிருந்தால் கண்ணுக்கு ஏறியிருக்கும், ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டி வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். லென்ஸ் மூடியைத் தேடுகிற மாதிரி பாவனை செய்து, ரொம்ப நேரம் தேடினாள். வாயில் பஞ்சு இருந்ததால் என்னால் ஆறுதல் சொல்ல முடியவில்லை. திட்டவும் முடியவில்லை.

பத்து நாளில் படத்தை முடித்துவிட்டாள். டாக்டர் குனிந்து நிற்கிறார். முகத்தில் அப்படி ஒரு கவனம், கையில் அப்படி ஒரு நிதானம். எதிரே, சட்டத்தின் ஓரத்தில், திறந்த ஒரு வாய். முகம் தெரியாது. என்னை யாருக்கும் அடையாளம் தெரியாது என்று தேற்றிக்கொண்டேன். அவளுடைய படங்களிலேயே இதுதான் சிறந்தது என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருந்தது. டாக்டர் தனக்கு ஒரு படம் வேண்டும் என்று நம் வீடு தேடி வந்தது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் என் கதி என்ன என்று ஒரு மரியாதைக்குச் சொல்லிவைத்தேன்.

"அவங்க எங்கே தேடி வந்தாங்க? நான்தான் போய்க் கேட்டேன்" என்றாள். "ஒரு பல்லுக்கு ஒரு படம்னு பேசி முடிச்சேன்."

ஆக, அன்று என் ஸ்டூடியோவில் வாடிக்கையாளர் அந்த அம்மாள் இல்லை, நான். பரவாயில்லை, பல் போயிற்று, பயமும் போயிற்று, கணக்குத் தீர்ந்தது என்று பெருந்தன்மையாகச் சிரித்தேன். இந்தத் தடவை வாயைத் திறந்தே சிரித்தேன்.

அவள் என் வாயை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, தன் வேலையைத் தொடர்ந்தாள். புதிதாக நாலு தாள்களை நனைத்துப் பலகைகளில் ஒட்டிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டேன். டாக்டரின் வீட்டுக்காரர், மாமியார், இரண்டு பெண்கள் என்றாள்.

நாலு ஆர்டர் ஒரே வீட்டிலிருந்தா என்று சந்தோஷமாகக் கேட்டேன்.

"ஆமாங்க. உங்க வாயில இன்னும் நாலு இருக்காம்."