கொக்கிலிருந்து வால் நட்சத்திரத்துக்குக் குடிபோனவர்

முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மவுஸுக்கு இடப்பக்கம் மல்லாக்க வைப்பார். பிறகு ஆட்காட்டி விரலைச் சட்டை நுனியில் ஒருமுறை துடைத்துக்கொள்வார், ஈர விரல் பட்டால் கோபித்துக்கொள்ளும் பிராணியைத் தொடப்போகிறவர் மாதிரி. நொடி முள் பன்னிரண்டுக்கு வரும்வரை மூச்சை அடக்கிக் காத்திருந்து, வந்ததும் இரண்டு தட்டு. வெள்ளைப் பக்கம் விரியும். மூச்சு வெளியே வரும். "மூணரை செகண்டு. பழசு நாலு." யாரிடம் சொல்கிறார்? அறையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அடுத்த காரியமாகத் தன் பெயரையே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தேடுவார். அதே பெயரில் எங்கோ இருக்கும் ஒரு பல் மருத்துவர் வந்து நிற்பார். எதில் தேடினாலும் அந்தப் பல் மருத்துவர்தான் வருகிறார்; ஆனால் புதியதில் அவர் கொஞ்சம் சுறுசுறுப்பாக வருகிறார் என்பது இவருடைய கட்சி.

இந்த இனத்துக்குப் பிரவுசர் மாற்றி என்று பெயர். பெயர் நான் வைத்தது. இனம் முன்பே இருந்தது. வீட்டில் கணினி நுழைந்த மறுநாளே கூடவே நுழைந்து, நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். இருபது வருஷமாக ஒரே முடிதிருத்தகம், ஒரே பக்க வகிடு, ஒரே கடையில் ஒரே மாடல் செருப்பு, சாப்பாட்டு மேஜையில் ஒரே நாற்காலி, அதில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் அன்றைக்குப் பசியே எடுக்காது என்று வாழ்கிற மனிதர்களாக இருப்பார்கள். மனுஷனுக்கு ஏதாவது ஒரு மாற்றம் வேண்டாமா? வேண்டும். பிரவுசரை மாற்றிக்கொள்வார்கள்.

வெளியில் போய் நாலு பேரைக் கேட்டு எழுதும் தைரியம் எனக்குக் கிடையாது. அதனால் வீட்டிலேயே கிடைக்கிற ஒருவரை வைத்துச் சொல்கிறேன். என் அப்பா பேருந்து பணிமனையில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதி வைப்பது அவர் வேலை. ஒரு வண்டி நாலு நிமிஷம் பிந்திப் போனால் ஓட்டுநரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்பவர். பகல் இரண்டு மணிக்குப் பணி முடிந்து வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, எங்கள் முன்னறைக் கணினியில் உட்காருவார். அதில்தான் வினை.

எங்கள் வீட்டில் பிரவுசர்களுக்கு அவற்றின் உண்மைப் பெயர் நிலைப்பதில்லை. பெயர் மனசில் பதிவதற்குள் ஆளே மாறிவிடுவதால், படத்தைப் பார்த்துக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. ஆமை, பச்சை இலை, நீல உருண்டை, கொக்கு, வால் நட்சத்திரம். ஒவ்வொன்றும் வந்த முதல் வாரம் அப்பாவுக்கு முகத்தில் ஒரு களை. "இலேசா இருக்கு" என்பார், கையில் தூக்கிப் பார்த்தவர் மாதிரி. "பழசு என்னா கனம்!"

"எத்தனை கிலோ?" என்பாள் அம்மா.

"உனக்குப் புரியாது. மெமரியை எல்லாம் தின்னுட்டிருந்துச்சு."

"என் மெமரி நல்லாத்தான் இருக்கு. போன மாசமும் இதையேதான் சொன்னீங்க."

இரண்டாவது வாரம் அலங்காரம். பின்னணிக்கு ஒரு மலை, எழுத்துக்கு ஒரு அளவு, பட்டன்களை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் கழித்துத் திரும்ப வலப்பக்கத்துக்கே கொண்டுவருவது. மூன்றாவது வாரம் ஏதோ ஒரு பக்கம் திறக்காமல் வட்டம் சுற்றும். அன்றைக்குத் தெரு முழுக்கவே இணையம் இல்லை, கம்பத்தில் ஆள் ஏறி நிற்கிறார், ஜன்னல் வழியாக அவர் கால் தெரிகிறது. அப்பா திரையையே பார்ப்பார். "முழிக்குது பாரு" என்பார். சந்தேகம் விழுந்துவிட்டது. இனி அதோடு அவரால் வாழ முடியாது.

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் மாடி வீட்டு எலக்ட்ரீஷியன் எதிர்ப்படுவார். அவரும் இதே இனம், கொஞ்சம் முற்றிய வகை.

"என்னண்ணே, இன்னும் நீல உருண்டையிலயா இருக்கீங்க?" குரலில் துக்கம் விசாரிக்க வந்தவருடைய பதம்.

"ஏன், அதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நாங்கல்லாம் விட்டு நாளாச்சு."

"ஏன் விட்டீங்க?"

"நாம என்ன பாக்குறோம்னு அவன் பாக்குறானாம்ல."

"யாரு?"

"அவன்தான்ணே."

"அப்படியா!"

அந்த அவன் யார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது, இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. ஒரு நாள் முழுக்க அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று உளவு பார்ப்பவனுக்கு என்ன கிடைக்கும்? மற்ற ஊர்களின் பேருந்து நேர அட்டவணை, நாளைய மழை நிலவரம், அந்தப் பல் மருத்துவர். பாவம், அவன் இரண்டாம் நாளே வேலையை விட்டுவிடுவான். இதே அப்பாதான் கடை வாசல்களில் வைத்திருக்கும் குலுக்கல் பெட்டிகளில் பிறந்த தேதி, வீட்டு விலாசம், தொலைபேசி எண் எல்லாவற்றையும் அச்சு மாதிரி எழுத்தில் நிரப்பிப் போட்டுவிட்டு வருகிறவர்.

இவர்கள் குடிமாறுகிறார்கள், சரி. கூட இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்கிறீர்களா? இனத்தின் அடிப்படைக் குணமே அந்தக் கேள்வி தோன்றாமல் இருப்பதுதான். அம்மா தினமும் ஒரு குறுக்கெழுத்துப் போடுவாள். ஒரு நாள் விடாமல் போட்டால் அந்தப் பக்கம் கணக்கு வைத்துக்கொண்டு பாராட்டும். நூற்றுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. காய்ச்சலில் படுத்த அன்றைக்குக்கூடப் போர்வையோடு வந்து உட்கார்ந்து முடித்திருக்கிறாள். நூற்றுப் பதின்மூன்றாம் நாள் கணினியைத் திறந்தால் ஆமை. குறுக்கெழுத்துப் பக்கம் அவளைப் பார்த்து, "வருக, புதியவரே!" என்றது.

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். மூன்று நாள் என் மூலமாகத்தான் செய்தி போயிற்று. "உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு மேஜையில இருக்கு. பழைய அளவு கனமா இருந்துச்சுன்னு எடுத்துட்டேன். இது இலேசா இருக்கும்."

தட்டில் இருந்ததைப் பார்த்த பிறகும் அப்பா திருந்தினாரா? அடுத்த மாதம் பச்சை இலை வந்தது.

இதுவரைக்கும் சிரிக்கலாம். இனி அக்கா கதை.

அக்கா ரத்தப் பரிசோதனைக்குப் படித்தவள். பெரிய மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் இரண்டு இடம் காலி. போன முறை ஒரே ஒரு மதிப்பெண்ணில் கைவிட்டுப் போன வேலை. வயது வரம்பு காரணமாக அடுத்த முறை விண்ணப்பிக்கவும் முடியாது. எழுத்துத் தேர்வு தேறிவிட்டாள். நேர்காணல் மட்டும் பாக்கி, வியாழன் காலை பத்து மணிக்கு, வீட்டிலிருந்தபடியே கணினி வழியாக. அப்போது எங்கள் வீட்டில் கொக்கின் ஆட்சி. அக்கா ஒரு வாரம் முன்பே கொக்கில் கேமரா, மைக் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்து, மின்னஞ்சலைத் திறந்து வைத்து, தோழியோடு இரண்டு தடவை ஒத்திகை பார்த்துவிட்டு, அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, வியாழக்கிழமை வரைக்கும் கம்ப்யூட்டர்ல எதையும் தொடாதீங்க."

"நான் ஏம்மா தொடப்போறேன்?"

"சத்தியமா?"

"என்னம்மா இது, சத்தியம் கித்தியம்னு..."

சத்தியம் செய்யவில்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்ததோடு சரி.

வியாழன் காலை ஒன்பதே முக்காலுக்கு அக்கா தலை சீவி, நீல நிறச் சட்டை போட்டு, கணினியைப் போட்டாள். கொக்கைக் காணோம். கொக்கு இருந்த இடத்தில் நீண்ட வாலோடு ஒரு நட்சத்திரம் பறந்துகொண்டிருந்தது.

"அப்பா!"

அன்றைக்கு விடுப்பு எடுத்திருந்த அப்பா துண்டும் கையுமாக வந்தார். "நேத்து சாயங்காலம்தான்மா போட்டேன். உனக்காகத்தான். பிரமாதமா இருக்கும்."

"கொக்கு எங்க?"

"ரெண்டு இருந்தா சண்டை போடும்னு எடுத்துட்டேன்."

மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கேட்டது. அது கொக்குக்குத்தான் தெரியும். அக்கா ஒரு வருஷமாக அதைத் தட்டியதே இல்லை.

"பாஸ்வேர்டெல்லாம் இதுக்கு மாத்தலையா?"

"கேட்டுச்சும்மா. பழசை எல்லாம் கொண்டுவரவான்னு கேட்டுச்சு. குப்பை எதுக்குன்னு வேண்டாம்னுட்டேன்."

அக்கா அழவில்லை. அழுதால் முகம் வீங்கும், முகம் கேமராவில் தெரியும். மேல் உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினால் அம்மாவின் எண்ணுக்கு ஆறு இலக்கம் வரும். அம்மாவின் போன் எங்கே? நான் சமையலறைக்கு ஓடினேன். குளிர்பெட்டி மேல், உப்பு ஜாடிக்குப் பின்னால். ஆறு இலக்கத்தையும் கத்திக்கொண்டே திரும்பினேன். மணி ஒன்பது ஐம்பத்து மூன்று. இணைப்பு திறந்தது. நேர்காணல் அறை வந்தது. அதில் அக்காவின் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம்.

"கேமரா தடுக்கப்பட்டுள்ளது. உங்கள் பாதுகாப்புக்காக."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம்.

"பாதுகாப்பை உச்சத்துல வெச்சேன்" என்றார், குரல் இறங்கி.

"இறக்குங்க."

"எங்க இருந்துச்சுன்னு... செட்டிங்ஸ்ல எங்கயோதான் பார்த்தேன்..."

இங்கேதான் இந்த இனத்தைப் பற்றிய முக்கியமான உண்மை வெளிப்படுகிறது. ஐந்து பிரவுசர்களில் குடியிருந்தவருக்கு ஒன்றிலும் சமையலறை எந்தப் பக்கம் என்று தெரியாது. மவுஸை மேலும் கீழும் இழுத்தார். மலைப் படம் வந்தது. எழுத்துப் பெரிதானது, சிறிதானது. பத்து மணி. பத்து ஒன்று. அக்கா நாற்காலியின் விளிம்பில், இரண்டு கைகளையும் மடியில் பின்னிக்கொண்டு, கறுப்புச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை விசைப்பலகையில் விழுந்தது.

அம்மா கை துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தாள். "மேல ஓரத்துல சின்னதா ஒரு கேமரா, குறுக்கே கோடு போட்டு இருக்கே, அது என்ன?"

அக்கா அதை அழுத்தினாள். அனுமதிக்கவா என்று கேட்டது. ஆம் என்றாள். கறுப்புச் சதுரத்தில் முகம் வந்தது. பத்து நாலு.

நாங்கள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். அப்பா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நிமிஷம். விளக்கம் கேட்டு யாருக்கு எழுதுவார்?

இருபத்தைந்து நிமிஷம் கழித்து அக்கா கதவைத் திறந்தாள்.

"ஏன் லேட்னு கேட்டாங்களா?" என்றாள் அம்மா.

"அதான் முதல் கேள்வி. வீட்டுல திடீர்னு பிரவுசரை மாத்திட்டாங்கன்னு சொன்னேன். அவங்க மூணு பேர். அதுல ரெண்டு பேர் தலையை ஆட்டுனாங்க. அதுக்கப்புறம் அதைப் பத்திக் கேட்கவே இல்ல."

"வேற ஒண்ணும் சொல்லலையா?" என்றார் அப்பா, தரையைப் பார்த்து.

அக்கா அவர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். "படம் தெளிவா இருக்குன்னாங்க."

சொல்லியிருக்கக் கூடாது. அந்த ஒரு வாக்கியத்தில் அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. பதினாறு நாள் கழித்து வேலை உறுதி என்று கடிதம் வந்தபோது வீடு முழுக்க அக்காவைக் கொண்டாடியது. அப்பா மட்டும் படியேறிப் போய் எலக்ட்ரீஷியனிடம், "வால் நட்சத்திரம்யா, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். மூன்று வருஷம் ராத்திரி பகலாக ரத்த அணுக்களை எண்ணிப் படித்தவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது ஒரு பிரவுசர். அந்த நன்றிக்காவது அதை வைத்துக்கொண்டாரா? அடுத்த மாதமே அது முழிக்க ஆரம்பித்துவிட்டது.

நீங்கள் ரொம்ப நேரமாகச் சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுச் சிரியுங்கள். இப்போது உங்கள் கணினியில் இருப்பதற்கு முன்னால் என்ன இருந்தது? அதை ஏன் மாற்றினீர்கள்? 'இலேசா இருக்கு', 'வேகமா இருக்கு', 'எல்லாரும் சொன்னாங்க' என்கிற மூன்றையும் தொடாமல் ஒரு காரணம் சொல்லுங்கள். யோசிக்கிறீர்கள். மருந்துக்கடையில் பக்கத்து வரிசை சீக்கிரம் நகர்கிறது என்று தாவி, தாவிய பிறகு பழைய வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றது யார்? நான் யாரையும் சொல்லவில்லை. கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைக்கும் பழக்கம் மட்டும் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா வேலைக்குப் போய் ஐந்து மாதம் ஆன பிறகு, கணினியில் இடம் போதவில்லை என்று பழையவற்றை அழித்துக்கொண்டிருந்தபோது, 'பாப்பா நேர்காணல்' என்று ஒரு கோப்புறை என் கண்ணில் பட்டது; அப்பாவுக்கு அக்கா இன்னும் பாப்பாதான். உள்ளே ஐந்து படங்கள், நேர்காணலுக்கு முந்தைய புதன்கிழமை சாயங்காலம் எடுத்தவை. அன்றைக்கு அக்காவும் நானும் வீட்டில் இல்லை. ஒரு சோதனைக்காக பழைய பிரவுசர்களையெல்லாம் மறுபடி கொண்டுவந்து, வால் நட்சத்திரத்தையும் புதிதாக இறக்கி, ஒவ்வொன்றிலும் கேமராவைப் போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு, அக்கா உட்காரப்போகிற மாதிரியே நாற்காலி விளிம்பில் கைகளை மடியில் பின்னிக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். கூடவே ஒரு குறிப்பு, ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டு:

ஆமை, 5.50: பரவாயில்லை. பச்சை இலை, 6.10: மங்கல். நீல உருண்டை, 6.25: ரொம்ப மங்கல். கொக்கு, 6.40: முகமே தெரியவில்லை, பாப்பாவுக்கு ஆகாது. வால் நட்சத்திரம், 6.50: அற்புதம், பகல் மாதிரி.

ஐந்தாவது படத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில், சுவரில் இருக்கும் சுவிட்சின் மேல் அம்மாவின் கை. மற்ற நாலு படங்களையும் அவர் விளக்கே போடாமல் எடுத்திருந்தார்.