கசிவு தேடி

கசிவு தேடி என்றோர் இனம் உண்டு. காட்டில் தேட வேண்டாம். உங்கள் வீட்டில், அலுவலகத்தில், பேருந்தில் உங்கள் பக்கத்து இருக்கையில் பாருங்கள். புது வீட்டில் பால் காய்ச்சக் கூப்பிட்டால், செருப்பைக் கழற்றும்போதே அண்ணாந்து பார்த்து "அந்த மூலையில ஈரம் தெரியுதே" என்பவர் அவர்தான். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் மணமக்கள் பெயரை விட்டுவிட்டு அச்சுப்பிழையைப் படிப்பார். பாயசத்தில் முந்திரி குறைவு என்று சொல்வதற்காகவே இரண்டாம் முறை வாங்கிக் குடிப்பார். கெட்டவரா என்றால் இல்லை. உலகத்தில் எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது, அதைத் தான் கண்டுபிடிக்காவிட்டால் எல்லாம் ஒழுகிப் போய்விடும் என்று மனதார நம்புகிறவர்.

ஆறு வருடம் நாடு நாடாகச் சுற்றியதில் இந்த இனத்தை எங்கும் பார்த்தேன். திபிலிசியில் ஒருவர், நான் துவைத்துப் போட்ட துணியில் எந்த மூலை நனையவில்லை என்று காட்டினார். ஹனோயில் ஒரு நடத்துநர், நான் சரியாகக் கட்டிய பையை அவிழ்த்து மறுபடி சரியாகக் கட்டினார். ஆனால் கலப்படமே இல்லாத மாதிரி ஒன்று வேண்டுமென்றால் அவ்வளவு தூரம் போயிருக்கவே தேவையில்லை. ஏலக்காய் மலையில் எங்கள் ஊரான வண்டன்மேட்டில், எனக்கு ஏழு வருடம் முன்பாகவே, அம்மா ஒன்றைப் பெற்று வைத்திருந்தார்.

என் அண்ணன் ஜெகன். ஜெர்மனியில் ஒரு சேமிப்பு வளையத்தில் விஞ்ஞானி.

சேமிப்பு என்றதும் சீட்டு, நகை என்று மனதை ஓட்ட வேண்டாம். நூறு மீட்டர் சுற்றளவில் வளைந்து கிடக்கும் ஓர் எவர்சில்வர் குழாய் அது. கனத்த அணுக்களைப் பிடித்து, அவற்றின் எலக்ட்ரான்களை உரித்து, அந்தக் குழாய்க்குள் விட்டு, காந்தங்களால் வளைத்து வளைத்து ஓட வைப்பார்கள். நொடிக்கு இருபது லட்சம் சுற்று. வண்டிப்பெரியாரிலிருந்து குமுளிக்குப் பேருந்தில் போய்ப் பழகியவர்களுக்கு இந்த வேகம் பிடிபடாது. எதற்காக இந்த ஓட்டம்? சில அணுக்கருக்கள், எலக்ட்ரான் உடுப்போடு இருக்கும்வரை யுகக் கணக்கில் கல்லாகக் கிடக்கும். கடைசி எலக்ட்ரானையும் உரித்துவிட்டால் சில வாரங்களிலேயே வேறொன்றாக மாறத் தொடங்கிவிடும். நட்சத்திரங்களின் வயிற்றுக்குள் அவை அப்படித்தான் உரிந்து கிடக்கின்றன. ஆகவே அங்கே என்ன சமைகிறது என்பதற்கு இந்தக் குழாயில் துப்புக் கிடைக்கும். அழகான வேலை. நான் கேலி செய்வது அதை அல்ல.

சிக்கல் காற்றில் இருக்கிறது. வழிதவறிய ஒரு காற்றுத் துகள் குறுக்கே வந்தாலும் போதும், ஓடுகிற அணு அதனிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். பிடுங்கியதும் காந்தம் அதை வேறு பக்கம் திருப்பும். சுவரில் மோதிப் போய்ச் சேரும். அதனால் பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சி, குழாய் முழுவதையும் அலுமினியத் தாளால் சுற்றி, நாள் கணக்கில் சுட வைத்து, உட்சுவரில் ஒட்டிய ஈரத்தையும் கிளப்பி அதையும் உறிஞ்சி, அப்படியும் அழுத்தம் இறங்காவிட்டால், எங்கோ கசிவு என்று அர்த்தம். பிறகு ஒவ்வொரு மூட்டாக ஹீலியம் வாயுவை ஊதிக்கொண்டே போக வேண்டும். உள்ளே இருக்கும் கருவி அதை மோப்பம் பிடித்துக் கத்தினால் அகப்பட்டது ஓட்டை. மூட்டுகளோ நூற்றுக் கணக்கில். பன்னிரண்டு வருடமாக ஒருவன் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்டை தேடினால் என்ன ஆவான்? விடுமுறையில் இலவசமாகத் தேடுவான்.

போன செப்டம்பரில் மூன்று வார விடுப்பில் வந்தான். வந்த முதல் நாள் குக்கர் வளையத்தை மாற்றினான். இரண்டாம் நாள் அம்மாவின் சமையலறைக் குழாயைக் கழற்றினான்; அது இன்னும் முழுதாகப் பூட்டப்படவில்லை. மற்ற நேரமெல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றான். எங்கள் மேட்டில் போன் எடுக்கிற ஒரே இடம் அது. ஜெர்மனியில் வளையத்தின் அழுத்தம் இறங்கவில்லை. அந்தக் கோட்டுப்படம் அவன் கைபேசியில் வந்துகொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதைப் பார்ப்பான், உவே என்கிற சக ஊழியரை அழைப்பான், "எங்கயோ லீக் இருக்கு" என்று மலைக்குச் சொல்வான்.

"யாரு முடுக்குன மூட்டுண்ணே?" என்று கேட்டேன்.

"உவே முடுக்குனதாத்தான் இருக்கும். அவன் கை அப்படி."

"நீ முடுக்குனது?"

"அதப் பாக்க வேண்டியதில்லன்னு மெயிலே போட்டுட்டேன். என் மூட்டு லீக் ஆகாது."

இந்த வாக்கியத்தை மனதில் வையுங்கள். இந்த இனத்தின் அடையாளக் குறி இதுதான்.

அந்த வாரம் எங்கள் ஸ்டோருக்கு ராமுத்தாயின் காய் வந்தது. ஸ்டோர் என்றால் கடை அல்ல, ஏலக்காய் உலர்த்தும் கட்டடம். வெளியே அடுப்பு, உள்ளே சூட்டைக் கொண்டு போகும் குழாய்கள், அவற்றுக்கு மேலே அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள். நாங்கள் சித்தி என்று கூப்பிடும் ராமுத்தாய் இருபத்தைந்து வருடம் ஊரார் தோட்டத்தில் காய் எடுத்தவர். நாலு வருடம் முன்பு அரை ஏக்கருக்குத் தன் பெயரில் பட்டா வாங்கி, செடி வைத்து, இப்போதுதான் முழு மகசூல் கண்டிருந்தார். ஏலத்துக்குப் போகும் சாக்குகளில் மற்றவர் பெயரை ஒட்டி ஒட்டிப் பழகிய கை. இந்த முறை தன் பெயரை ஒட்ட வேண்டும். அதற்கு ஒரு முழுச் சாக்கு பச்சை மாறாத காய் வேண்டும். நிறம் போனால் தனிக் குவியல் கிடையாது. பெயரில்லாமல் அப்பாவின் காயோடு கலந்து போகும்.

விடியற்காலையில் தட்டுகளைப் பரப்பி அடுப்பு மூட்டியாயிற்று. ஏலக்காரர்களிடம் அவர் பெயரைப் பதிய வேண்டும்; மலையாளத்தில் விண்ணப்பம் எழுதத் துணைக்கு அப்பா பெரியமுத்து. இருவரும் ஜீப்பில் ஏறினார்கள்.

"மூணு மணி நேரம் ஆனதும் மேச்சன்னலத் தெறந்து விடு. ஆவி போகணும்," என்றார் அப்பா. "வேற ஒண்ணையும் நோண்டாத."

"சரிப்பா."

"படிச்ச புள்ள, ஒன்ன நம்பித்தான் போறேன் தம்பி," என்றார் ராமுத்தாய்.

"நான் சுட வைக்காத குழாயா சித்தி? நிம்மதியாப் போயிட்டு வாங்க."

ஜீப் வளைவில் மறைந்தது. அண்ணன் ஸ்டோரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது. நோயாளியைப் பார்த்த டாக்டருக்கு வருகிற பரிதாபம்.

"இவ்வளவு ஓட்டைய வச்சுக்கிட்டு அப்பா முப்பது வருசம் விறகு எரிச்சிருக்காரு."

வண்டன்மேட்டில் ஹீலியம் கிடைக்காது. சாமி மாடத்தில் ஊதுபத்தி கிடைக்கும். பற்ற வைத்த குச்சியைக் கதவிடுக்கில், கூரைக்குக் கீழே, சுவரும் தகரமும் சேரும் இடத்தில் எல்லாம் பிடித்துக்கொண்டே போனான். புகை வளைந்தால் கசிவு. நான் பின்னாலேயே காகிதத்தில் எண் போட்டுக்கொண்டு போனேன். பதினேழு. சும்மா எழுதினேன் என்று நினைக்காதீர்கள். "அடிச்சட்டத்துக்குக் கீழ பாத்தியாண்ணே?" என்று கேட்டுப் பதினெட்டாவதைக் கண்டுபிடித்தவளே நான்தான். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

அடுத்தது அலுமினியத் தாள். ஜங்ஷனில் டின்சி சேச்சியின் பரோட்டாக் கடையில் இருந்த உருளைகளையெல்லாம் கேட்டான்.

"எத்தற பேருக்கு மோனே பார்சல்?" என்றார் அவர்.

"பார்சல் இல்ல சேச்சி. ஸ்டோருக்குச் சுத்தணும்."

டின்சி சேச்சி என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன்.

ஒன்பது மணிக்குள் ஸ்டோர் பிரியாணிப் பொட்டலம் போல மின்னியது. வெப்பமானியில் சூடு ஏறியது. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஆறு வருடம் நாடு நாடாகச் சுற்றியும், அவ்வளவு நிறைவான முகத்தை நான் பார்த்ததில்லை.

"மூணு மணி நேரம் ஆச்சு. சன்னலு?" என்றேன்.

"சுட வச்சிக்கிட்டு இருக்கப்ப எவனாச்சும் தெறப்பானா? அங்க தெறந்தேன்னா வேலையே போயிரும். அப்பாவுக்கு அடைக்கத் தெரியல, அதனால தெறந்து பழகிட்டாரு."

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். இரண்டு முதுகலைப் பட்டம் உள்ள எனக்கே நியாயமாக இருந்தது. வளையத்தில் கிளம்புகிற ஈரத்தை உறிஞ்ச பம்ப் உண்டு. எங்கள் ஸ்டோரின் பம்ப் அந்த மேல் சன்னல்தான். இது அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

இரண்டு மணிக்கு ஜீப் வந்தது. ராமுத்தாய் பதிவுச் சீட்டை முந்தானையில் முடிந்திருந்தார். இறங்கி நாலு எட்டு வைத்தவர் நின்றார். மூக்கைச் சுளித்தார். ஓடிப் போய்க் கதவை இழுத்தார். உள்ளிருந்து வந்த ஆவியில் அப்பாவின் கண்ணாடி வெளுத்துப் போனது. கூரைத் தகரத்தில் கோத்திருந்த தண்ணீர், சொட்டுச் சொட்டாக மேல் தட்டுகளில் விழுந்துகொண்டிருந்தது.

ராமுத்தாய் விறகு வெட்டும் கத்தியை எடுத்து அலுமினியத் தாளைக் கிழித்துக்கொண்டே வந்தார். மேல் சன்னலைக் கம்பால் தள்ளித் திறந்தார்.

"யாரு இத ஒட்டுனது?"

"லீக் இருந்துச்சு சித்தி," என்றான் அண்ணன்.

"லீக்கா? அது ஸ்டோருக்கு மூக்கு தம்பி. ஒன் மூக்கப் பொத்திக்கிட்டு அடுப்பு முன்னால நின்னு பாரு, எம்புட்டு நேரம் பச்சையா இருக்கேன்னு."

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஜெர்மனிக்காரன் ஒன்னய எப்படிடா உள்ள விடுறான்?" என்றார்.

மறுநாள் காய் உலர்ந்து இறங்கியதும் நானும் அண்ணனும் ராமுத்தாயும் தரையில் உட்கார்ந்து பிரித்தோம். பச்சை ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம். மஞ்சள் குவியல் வளர வளர அண்ணனின் தலை தாழ்ந்தது. ஒரு வெளுத்த காயை மெதுவாகப் பச்சைப் பக்கம் வைத்துப் பார்த்தான். ராமுத்தாய் அதை எடுத்து மஞ்சள் பக்கம் போட்டார். கடைசியில் பச்சையைச் சாக்கில் கொட்டினார். பாதிச் சாக்கு. ஒரு முறை குலுக்கினார். குலுக்கினால் குறையுமே தவிர ஏறாது என்று அவருக்குத் தெரியாதா? இருந்தாலும் குலுக்கினார். பிறகு வாயைக் கட்டி, அப்பாவின் சாக்குகளோடு கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தார். பெயருக்கு அடுத்த காயெடுப்பு வரை காத்திருக்க வேண்டும். ஒன்றரை மாதம்.

அண்ணனின் போன் அப்போதுதான் கூப்பிட்டது. தொட்டிக்குப் பின்னால் போனான். திரும்பி வந்தபோது அவன் நடை வேறாக இருந்தது.

"கண்டுபிடிச்சிட்டாங்க," என்றான். "லீக்க."

"எங்க இருந்துச்சாம்?" என்றார் ராமுத்தாய்.

"ஒரு மூட்டுல."

"யாரு முடுக்குனது?"

அண்ணன் மஞ்சள் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தான். "ஊருக்குக் கெளம்புறதுக்கு முந்தின நாளு நான் முடுக்குனது. எல்லாத்தையும் பாத்துட்டு, என்ன கேக்காமலே கடைசியா உவே அதப் பாத்திருக்கான். ரெண்டு வாரம் போச்சு."

ராமுத்தாய் அந்த இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தார். மஞ்சள் காயில் இரண்டு கை அள்ளி ஒரு பொட்டலத்தில் கட்டினார். மீந்த அலுமினியத் தாளில்தான்.

"உவேக்குக் குடு," என்றார். "நல்ல பிள்ள. அது டீயில போட்டுக்கட்டும். நிறம் போனாலும் மணம் போகாது."

நவம்பரில் ராமுத்தாய் தன் காயைத் தானே உலர்த்தினார். நானும் கூடவே இருந்தேன். ஸ்டோரிலிருந்து பத்தடி தள்ளி, அவர் சொன்ன இடத்தில். முழுச் சாக்கு, இலைப் பச்சை. ஏலத்தன்று என்னையும் கூட்டிப் போனார். பெரிய திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. வியாபாரிகள் மாதிரிக் காயை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்கள். ராமுத்தாய் என்ற எழுத்துகள் வந்தபோது அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தார். இருபத்தைந்து வருடம் அந்தச் சில நொடிகளில் நின்றது.

நான் அவர் தோளைத் தொட்டேன். "சித்தி, உங்க இனிஷியல விட்டுட்டாங்க பாருங்க."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஊதுபத்தி கொண்டாந்திருக்கியா பாப்பா?" என்றார்.

அண்ணன் இப்போது தன் மூட்டைத்தான் முதலில் சோதிக்கிறானாம்; உவே சொன்னார், முழுதாக நம்ப வேண்டாம். நான் என்னைக் குணப்படுத்தப் பார்க்கிறேன். உங்கள் நிலைமைதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. காய் அவ்வளவு முக்கியமென்றால் ராமுத்தாய் ஏன் அன்றைக்கே பதியப் போனார், மறுநாள் போயிருக்கலாமே என்று பாதிக் கதையிலிருந்தே நினைத்துக்கொண்டு வருகிறீர்கள். ஓட்டை பதினேழா பதினெட்டா என்று மேலே போய் ஒரு முறை சரிபார்த்தும் விட்டீர்கள். ஊதுபத்தி வாசனை இங்கே வரை வருகிறது.