போரிங் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம்

மைசூர், வியாழக்கிழமை

மேட்டூரில் இருக்கும் அன்பு மாப்பிள்ளை கெம்பையனுக்கு, மாமன் கந்தசாமி எழுதிக்கொண்டது. நானும் உன் அக்கா சாமியாத்தாளும் சுகம். நீயும் உன் முழங்கால் வலியும் எப்படி என்று எழுதவும்.

நம் தமிழ்ப்ரியாவுக்கு வரன் பார்ப்பது உனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்த்துப் பார்த்துப் பிள்ளை சலித்துப்போய்விட்டாள், கலகலப்பான குடும்பம் வேண்டும் என்று ஹனூரில் விவசாயம் பார்க்கும் சென்னிமலைக்கு நாசூக்காகத் தெரிவிக்க, இங்கிலீஷில் நானே நாலு வரி எழுதிக் கொடுத்தேன். அவளே அதைப் போனில் டைப் அடித்து அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை சென்னிமலை, மனைவி மாதம்மா, பையன் கவின்ராஜ் மூவரும் வந்து இறங்கினார்கள். காப்பியைக்கூடத் தொடாமல் சென்னிமலை, "ஏனுங்க, பொண்ணு போரிங்னு எழுதியிருந்தீங்களே, எத்தனை அடி வரைக்கும் போடுமுங்க?" என்றார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "நம்ம காட்டுல மூணு எடத்துல போட்டும் வெறும் புகைதானுங்க வந்துச்சு. மருமக போட்டா தண்ணி வந்துருமுங்க" என்கிறார், மாதம்மா பெண்ணின் விரல்களைத் தடவி "இந்தக் கையா போர் வண்டி ஓட்டுது?" என்று கண்கலங்குகிறார், பையன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறான். தமிழ்ப்ரியா என்னை உள்ளே இழுத்துப்போய், "அய்யோ அப்பா, போர்ட்னு எழுதணும்! சலிப்புப் படறவளுக்கு ஈடி, படுத்தறவளுக்கு ஐஎன்ஜி. நீ என்னைப் படுத்தறவன்னு எழுதிட்டே!" என்றாள். மானத்தைக் காப்பாத்தணுமேன்னு வெளியே ஓடி, "மன்னிக்கணும், ஐ ஆம் ஷாக்கிங், மை வைஃப் இஸ் டெரிஃபையிங்"னு சொல்லிட்டேன். "அதுவும் ஐஎன்ஜிப்பா!"ன்னு இவ கத்த, உன் அக்கா அர்த்தம் கேக்க, கவின்ராஜ் "பார்த்தாலே பயமா இருக்காங்கன்னு அர்த்தம் அத்தை"ன்னு சொல்லித் தொலைச்சுட்டான். உன் அக்கா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தா பாரு! சென்னிமலை, "இது மட்டும் சரியாத்தான் சொல்லியிருக்காருங்க"ன்னார். அவ்வளவுதான், மாதம்மாவுக்குப் புரையேறிப் போச்சு, உன் அக்காவே சிரிச்சுட்டா. "தண்ணி கெடக்குதுங்க, சிரிக்கிற வீடு கெடைச்சுதே" என்று வருகிற இருபதாம் தேதியைச் சென்னிமலையே குறித்துவிட்டார்.

என் இங்கிலீஷுக்காக உன்னிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி அதைத் தொடுவதில்லை. தாய்மாமன் நீ இல்லாமல் தட்டு மாற்ற முடியாது. பாலாறு வழி பஸ்ஸில் முந்தின நாளே வந்துவிடு. உன் பிள்ளைகள் நோய்நொடியின்றி வளர ஆசீர்வாதம்.

மாமன்,
கந்தசாமி

பி.கு.: உறை ஒட்டும்போது தமிழ்ப்ரியா சிரித்துக்கொண்டே வந்து நின்றாள். கவின்ராஜும் அவளும் ஒரே கம்பெனியாம், இரண்டு வருஷப் பழக்கமாம். டவுன் பெண்ணே வேண்டாமென்ற சென்னிமலை, போரிங் என்றால் ஓடி வருவார் என்று இரண்டும் சேர்ந்து வார்த்தையை மாற்றியிருக்கின்றன. நான் எழுதிய தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன்: போர்ட் என்றுதான் இருக்கிறது, ஈடியோடு! மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அழைப்பிதழை இங்கிலீஷில் நானே எழுதுகிறேன்.