கடைசி ஆளின் விசில்

தன் ஒரு சைக்கிளைச் சுவரில் சாய்க்கப் போய், காபிக் கடை வாசலில் நின்ற அத்தனை சைக்கிள்களையும் தரையில் சாய்த்துவிட்டார் புரூஃப் சார்.

அவை ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்த சைக்கிள்கள். ஒல்லியானவை, விலை உயர்ந்தவை, ஒரு விரலால் தூக்கிவிடலாம் போலிருப்பவை. விழும்போதுகூட மரியாதையாக, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் விழுந்தன. அவருடையது மட்டும் சமையலறையில் பாத்திரம் உருள்வதுபோல விழுந்து, சக்கரம் சுற்றி, மணியும் அடித்தது.

புரூஃப் சார் கடைக்குள் எட்டிப் பார்த்தார். கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் அந்தச் சைக்கிள்களின் சொந்தக்காரர்கள், வாராவாரம் சேர்ந்து ஓட்டும் ஞாயிறு கோஷ்டி, உட்கார்ந்திருந்தது. ஒருவர்கூட நிமிரவில்லை. எல்லோரும் கோப்பைக்குள் எதையோ தொலைத்துவிட்டதுபோலக் குனிந்து குடித்துக்கொண்டிருந்தார்கள்.

'தப்பிச்சோம்' என்று நினைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் செய்த முதல் பிழை அதுதான்.

பிழை என்பது அவர் தொழில். அச்சகத்தில் மெய்ப்பு, அதாவது புரூஃப், திருத்துகிறார். ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவர் கண்ணில் முள்ளாகக் குத்தும். நாள் முழுக்க அடுத்தவர் தப்பைத் தேடுகிறவருக்கு, ஊரே தன் தப்பைத் தேடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு வருவதில் ஆச்சரியம் இல்லை. வயிறு சட்டைப் பித்தான்களோடு சண்டை போட ஆரம்பித்த பிறகு சைக்கிள் வாங்கினார். காலையில் தெருவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஓட்டுவார். தூரத்தில் ஞாயிறு கோஷ்டியின் தலைக்கவசங்கள் தெரிந்தால் போதும், குதித்து இறங்கி டயரை அமுக்கிப் பார்ப்பார்.

"என்ன சார், பஞ்சரா?" என்று கேட்டபடி அவர்கள் கடந்து போவார்கள்.

"லேசா" என்பார் இவர், டாக்டர் நாடி பார்க்கிற முகத்தோடு.

இது எல்லா ஞாயிறும் நடந்தது. அவருடைய டயரைப் போல நோயாளியான டயர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

அன்று காலை அவர் மனைவி கடைசி எச்சரிக்கை விடுத்திருந்தார்.

"இன்னிக்கும் தள்ளிக்கிட்டே போய், தள்ளிக்கிட்டே வந்தீங்கன்னா, சைக்கிளைத் தம்பிகிட்ட குடுத்துடுவேன். அவன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"உன் தம்பி என் குடையை வாங்கிட்டுப் போனதே இன்னும் திரும்பி வரல."

"குடையாவது நீங்க விரிச்சீங்க. இதை ஓட்டக்கூட இல்லையே."

அந்த வாதத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திருத்தக்கூட இடமில்லை. தண்ணீர்த் தொட்டி மேட்டை இன்று மிதித்தே ஏறிக் காட்டுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தவர்தான் இப்போது காபிக் கடை வாசலில், அடுத்தவர் செயினைப் பற்களில் மாட்டுவதற்குப் போராடி, முழங்கை வரை கிரீஸ் பூசிக்கொண்டு குந்தியிருந்தார்.

கதவு திறந்தது. கோஷ்டியின் தலைவரான, எல்லோரும் கேப்டன் என்று அழைக்கும் நெட்டை மனிதர் வெளியே வந்தார். பின்னாலேயே மற்றவர்கள்.

"என்ன சார் ஆச்சு?"

'நான்தான் தள்ளிவிட்டேன்' என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் புரூஃப் சாரின் வாய் வேறு வாக்கியத்தைக் கோத்துவிட்டது.

"செயின் கொஞ்சம் தொய்வா இருந்துது. அதான் படுக்க வச்சுப் பாத்துட்டிருந்தேன்."

கேப்டன் தரையில் கிடந்த சைக்கிள்களை நிதானமாகப் பார்த்தார். "எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"கவனிச்சீங்களா?" என்று கேப்டன் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நமக்கு ஒருத்தருக்கும் தெரியல. சார் ஒரே பார்வையில கண்டுபிடிச்சுட்டாரு."

மீசைக்காரர் ஒருவருக்கு மட்டும் திடீரென்று இருமல் வந்தது. மற்றவர்கள் பயபக்தியோடு தலையசைத்தார்கள்.

"ரொம்ப வருஷமா ஓட்டுறீங்களோ?" என்றார் கேப்டன்.

"சின்ன வயசுலேர்ந்து." இது பொய் இல்லை. சின்ன வயதில் ஓட்டினார். பின்னால் அண்ணன் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான் என்பது கேட்கப்படாத கேள்விக்கான பதில்.

"அப்ப இன்னிக்கு எங்களோட வாங்க சார். தண்ணித் தொட்டி மேடுதான்."

புரூஃப் சாருக்கு ஒருவர் பார்த்தாலே கைப்பிடி நடுங்கும். இத்தனை பேர் பின்னால் வந்தால் முதுகே நடுங்கும். "வரலாம்தான். முட்டி வலி. வேகமாப் போக முடியாது."

"அடடா" என்றார் கேப்டன். புரூஃப் சார் பெருமூச்சு விடப் போகிற சமயம் அவர் தொடர்ந்தார். "வேகம் வேண்டாத வேலை ஒண்ணு இருக்கு. கடைசி ஆள். கோஷ்டிக்குக் கடைசியா வரணும். அவருக்குப் பின்னாடி யாரும் போகக் கூடாது, அவரும் யாரையும் முந்தக் கூடாது. யாராவது விழுந்தா விசில் அடிக்கணும். விஷயம் தெரிஞ்சவங்களுக்குத்தான் அந்த இடத்தைக் குடுப்போம்."

சட்டைப் பையிலிருந்து கயிறு கட்டிய விசில் ஒன்றை எடுத்து, மாலை போடுகிற மரியாதையோடு புரூஃப் சார் கழுத்தில் மாட்டினார்.

பின்னால் யாரும் வரமாட்டார்கள். அந்த ஒரு சொல் போதும். புரூஃப் சார் சம்மதித்துவிட்டார்.

கிளம்பியதும் கோஷ்டி சரசரவென்று முன்னே போய்விட்டது. பார்க்க ஒரு கண்ணும் இல்லாத சாலையில் புரூஃப் சாரின் சைக்கிள் அதிசயமாக நேராகப் போயிற்று. ஒரு கையை எடுத்து மூக்கைக்கூடச் சொறிந்துகொண்டார்.

சந்தோஷம் திருப்பம் வரைதான். அங்கே அவருக்கு முன்னால் ஒரு சைக்கிள் ஊர்ந்துகொண்டிருந்தது. முன்பக்கம் கூடை வைத்த பழைய சைக்கிள். கூடைக்குள் பஞ்சு, பிளாஸ்திரி, மருந்து பாட்டில். ஓட்டிக்கொண்டிருந்தது கோஷ்டியில் இருந்த பெண்மணி, பல் டாக்டர். 'பாவம், அடிக்கடி விழுவாங்க போல' என்று இரக்கப்பட்டார் புரூஃப் சார்.

முந்தக் கூடாது. ஆகவே அவரும் ஊர்ந்தார். சைக்கிளில் வேகமாகப் போவது சுலபம், ஊர்வதுதான் வித்தை. முன்சக்கரம் இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது.

"டாக்டர், நீங்க கொஞ்சம் வேகமாப் போலாமே."

"பயமா இருக்கு சார். நீங்க பின்னாடி இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் வர்றேன்."

போச்சு. இனி இறங்கி டயரை அமுக்கவும் முடியாது. அனுபவசாலியே இறங்கிவிட்டால் அந்த அம்மா என்ன செய்வார்? கேப்டனைக் கூப்பிட்டு டாக்டரை ஒப்படைத்துவிடலாம் என்று விசிலை வாயில் வைத்து ஊதினார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. கன்னம் உப்ப மறுபடி ஊதினார். கண்தான் பிதுங்கியது. விசில் அடிக்கக்கூடத் துப்பில்லையா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, யாரும் பார்க்காமல் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

டாக்டர் திரும்பாமலே பேச்சுக் கொடுத்தபடி வந்தார். "அச்சகத்துல வேலைன்னாங்களே. நீங்க திருத்தினதுலயே பெரிய தப்பு எது சார்?"

"ஒரு கல்யாணப் பத்திரிகைல மாப்பிள்ளை பேரும் மாமனார் பேரும் மாறிப்போச்சு."

"அப்புறம்?"

"மாமனார் சந்தோஷமா இருந்தாரு. மாமியார்தான் அச்சகத்துக்கு வந்துட்டாங்க."

டாக்டர் சிரித்தார். அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி. பதில் சொல்லிக்கொண்டே வந்த புரூஃப் சார் நிமிர்ந்தபோது எதிரே தண்ணீர்த் தொட்டி மேடு நின்றது.

"சார், இறங்கித் தள்ளிரட்டுமா?" என்றார் டாக்டர். "நீங்க சொன்னா இறங்கிடறேன்."

'இறங்கலாம்' என்பது நுனி நாக்கு வரை வந்தது. ஆனால் அந்தக் குரலில் அவருக்குத் தன் குரலே கேட்டது.

"இறங்காதீங்க. மேட்டைப் பாக்காதீங்க. பெடலை மட்டும் பாருங்க. மூச்சை விடுங்க. இன்னும் ஒரு மிதி. அவ்வளவுதான். இன்னும் ஒரு மிதி."

டாக்டருக்குச் சொன்ன ஒவ்வொரு மிதியையும் அவரும் மிதித்தார். சொல்கிறவர் நிறுத்தினால் நன்றாக இருக்காதே. தொடை எரிந்தது, மூச்சு ரம்பம் போல அறுத்தது. திடீரென்று பெடல் லேசானது. தலையைத் தூக்கினால் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் இருந்தது, ஊர் கீழே இருந்தது.

ஏறிவிட்டார். மிதித்தே.

அந்தப் பூரிப்பில் ஒரு விஷயத்தை மறந்துவிட்டார். ஏறியதற்கு அந்தப் பக்கம் இறக்கம் இருக்கும்.

முதலில் டாக்டரை முந்தினார். "மன்னிச்சுக்கங்க." பிறகு, இவர்களுக்காக இறக்கத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்த கோஷ்டியில் மீசைக்காரரை. "மன்னிச்சுக்கங்க." ஒவ்வொருவராக, ஒருவரையும் விடாமல் மன்னிப்புக் கேட்டபடி கடைசி ஆள் கோஷ்டி முழுவதையும் முந்தினார். கேப்டனிடம் கேட்கும்போது குரல் ஏற்கெனவே தூரத்தில் இருந்தது. கட்டட வேலைக்குக் கொட்டி வைத்திருந்த மணல் குவியல் மட்டும்தான் வழி விடவில்லை.

மணலிலிருந்து தலையைத் தூக்கியபோது டாக்டர் தவிர எல்லோரும் சுற்றி நின்றார்கள். இத்தனை நாள் எந்தக் காட்சிக்குப் பயந்து தெருத்தெருவாக ஒளிந்தாரோ அதே காட்சி. வினோதம் என்னவென்றால், அதற்கு மேல் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க" என்றார், வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு. "டயர் ஒரு நாளும் பஞ்சர் இல்ல. முட்டி நல்லாத்தான் இருக்கு. காலையில சைக்கிளைத் தள்ளிவிட்டது நான்தான்."

"தெரியும் சார்" என்றார் கேப்டன். "கண்ணாடி வழியாப் பாத்துட்டுத்தான் இருந்தோம். நிமிராம குடிக்கிறதுக்குள்ள நாக்கெல்லாம் வெந்துபோச்சு."

புரூஃப் சார் வாயைத் திறப்பதற்குள் சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி.

"தம்பி வந்திருக்கான். சைக்கிள் கிடைக்குமான்னு கேக்கறான்."

புரூஃப் சார் மேட்டைத் திரும்பிப் பார்த்தார். "மேட்டுல ஏறிட்டேன்."

"யாரு தள்ளினா?"

"யாரும் தள்ளல. மிதிச்சு."

மறுமுனையில், "டேய், மாமாவுக்கு சைக்கிள் வேணுமாம். நீ வேற பாத்துக்கோ" என்று குரல் கேட்டது. அதற்கப்புறம் மெதுவாக, "அடி கிடி படலையே?"

"மணல்தான்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். மேட்டிலிருந்து பல் டாக்டர் இறங்கி வந்துகொண்டிருந்தார். ஊர்ந்து அல்ல. அம்பு மாதிரி. கைப்பிடியை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் கூடையிலிருந்து பஞ்சை எடுத்து மருந்தில் நனைத்தபடியே வந்து, மணல் குவியலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றார்.

புரூஃப் சாரின் சிராய்த்த முழங்கையில் மருந்து பட்டது. எரிந்தது. அதைக் கவனிக்கவே இல்லை அவர்.

"டாக்டர், எனக்கு ஒளிவு மறைவில்லாம பதில் சொல்லுங்க. ஓட்டத் தெரியாதுன்னு தெரிஞ்சும் எதுக்கு என் கழுத்துல இந்த விசிலை மாட்டினீங்க? ஊதினா சத்தமே வரல."

"அது வராது சார், பல்லு அடைக்கிற சிமெண்டு வச்சு நான்தான் அடைச்சேன்" என்றார் டாக்டர். "புதுசா சேர்றவங்கதான் எங்களுக்குக் கடைசி ஆள். கேப்டன் சேந்த புதுசுல பயத்துல வழி பூரா ஊதிக்கிட்டே வந்தாரு."