மேனேஜருக்கு ஆறடி

காலையில் எழுந்து பல் துலக்கினான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். இரண்டு டம்ளர் டீ போட்டான். ஒன்றை மனைவியின் தலைமாட்டில் வைத்தான். இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்து மீன் தொட்டியின் விளக்கைப் போட்டான். தீனி டப்பியைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டான். மீன் தின்றது. இன்னொரு சிட்டிகை போட்டான். அதையும் தின்றது. பசி போலிருக்கிறது என்று மூன்றாவதும் போட்டான். தினமும் இப்படித்தான்.

அன்று தின்று முடித்த மீன் உடம்பைத் திருப்ப முயன்றது. முடியவில்லை. வால் ஒரு கண்ணாடியில் இடித்தது, மூக்கு எதிர்க் கண்ணாடியில் இடித்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்று யோசித்தது. பிறகு முட்டுச்சந்தில் நுழைந்துவிட்ட லாரியைப் போலப் பின்பக்கமாகவே நகர்ந்து போனது.

அவனுக்கு டீ இறங்கவில்லை.

மீனுக்கு மேனேஜர் என்று பெயர். கறுப்பு உடம்பு, தொங்கிய உதடு, எதிரில் நிற்பவன் ஏதோ தப்புச் செய்துவிட்டான் என்கிற பார்வை. மூன்று வருஷத்துக்கு முன் வாங்கி வந்தபோது தீப்பெட்டி நீளம்தான் இருந்தது. இப்போது ஒரு சாண். தொட்டி மட்டும் அன்று வாங்கிய அதே ஒன்றரை அடி. இப்படியே விட்டால் மேனேஜர் ஒரு நாள் மூச்சு முட்டிச் செத்துப்போவார். அதை அவனால் தாங்க முடியாது. புதுத் தொட்டி வாங்க வேண்டும். வாங்குவது பெரிய விஷயமில்லை. வீட்டில் சம்மதம் வாங்க வேண்டும்.

அதற்கும் அவனுக்கு வழி தெரியும். நாற்காலி செய்யும் கம்பெனியில் அவன் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தான். பஞ்சு, பசை, திருகாணி, சக்கரம் எல்லாம் அவன் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே வரும். விற்க வருகிறவன் என்ன விலை சொன்னாலும் பாதியில்தான் பேச்சைத் தொடங்குவான். கம்பெனியில் 'அரைவிலை' என்றால்தான் அவனைத் தெரியும். அவன் அதைப் பட்டம் போலவே வைத்துக்கொண்டிருந்தான்.

வேண்டியது மூன்றடித் தொட்டி. ஆகவே ஆறடி கேட்க வேண்டும். அவள் முடியவே முடியாது என்பாள். இவன் ஐந்துக்கு இறங்குவான். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். இவன் நாலுக்கு இறங்குவான். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு, 'சரி, உனக்காக மூணு' என்பான். அவளுக்கும் ஜெயித்த மாதிரி இருக்கும்.

அவள் டம்ளரோடு முன்னறைக்கு வந்தாள். மருந்துக்கடையில் மதிய ஷிப்ட் என்பதால் காலையில் அவளுக்கு அவசரம் கிடையாது.

"இங்க பாரும்மா. மேனேஜருக்கு இடம் பத்தலை. தொட்டி மாத்தணும்."

"ம்."

"ஆறடித் தொட்டி."

அவள் மீனைப் பார்த்தாள். டீயை ஒரு வாய் குடித்தாள்.

"சரி, வாங்குங்க."

அடுத்துச் சொல்ல வேண்டியதை அவன் தயாராக வைத்திருந்தான். அதற்கு இப்போது வேலையில்லாமல் போனது.

"ஆறடின்னு சொன்னேன். நான் நீட்டிப் படுத்தா எவ்வளவு இடம் வேணுமோ, அவ்வளவு."

"காது கேக்குது. வாங்குங்கன்னுதானே சொன்னேன்?"

"அரை மாசச் சம்பளம் போயிடும்."

"போகட்டும். சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுப் போயிடாதீங்க."

பஸ்ஸில் நின்றபடி அவன் கொதித்தான். ஒரு குடை வாங்க இரண்டு வாரம் வாதாடியவள் இவள். அலமாரிக் கதவுக்குக் கைப்பிடி போட மூன்று கடை ஏறி இறங்கியவள். ஆறடித் தொட்டிக்கு ஒரு வாய் டீயில் சரி என்கிறாளா? அவன் என்ன அவ்வளவு இளப்பமா?

ஆபீஸில் ஸ்டோர் கீப்பரிடம் சொன்னான்.

"சந்தோஷப்பட வேண்டிய விஷயம் சார்," என்றார் அவர்.

"என்னய்யா சந்தோஷம்? சொன்ன விலைக்கே ஒருத்தன் தலையாட்டினா என்ன அர்த்தம்?"

"சரக்குல ஏதோ கோளாறு."

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

ஸ்டோர் கீப்பர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்தவர் வீட்டு விவகாரம் என்றால் அவருக்கு முதுகுவலி தெரியாது. "வீட்டம்மா உங்களுக்குத் தெரியாம ஏதோ பெருசா வாங்கிட்டாங்க. இல்லன்னா வாங்கப் போறாங்க. அதுக்கு இது முன்பணம். நீங்க ஒண்ணு பண்ணுங்க சார். இன்னும் ஏத்திக் கேளுங்க. எந்த இடத்துல முடியாதுன்னு சொல்றாங்களோ, அந்த இடத்துல பிடிச்சிரலாம்."

"நல்ல யோசனையா இருக்கே. எங்கய்யா கத்துக்கிட்ட?"

"உங்களைப் பார்க்க வர்ற வியாபாரிங்ககிட்டதான் சார். எல்லாருமே விலையை ரெண்டு மடங்காக்கிக்கிட்டுத்தான் மாடி ஏறுறாங்க."

அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

"யாரு?"

"யாரைச் சொல்ல? எல்லாரும்தான்."

அந்த நாள் அதோடு கெட்டது.

ராத்திரி அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தான்.

"தொட்டிக்கு இரும்பு ஸ்டாண்டு செய்யணும்."

"செய்ங்க."

"பம்ப் ராத்திரி பகலா ஓடும். சத்தம் வரும்."

"பழகிடும்."

"கரண்டு பில் எகிறும்."

"எகிறட்டும். நீங்க சாப்பிட்டீங்களா?"

அவன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "ஆறடித் தொட்டி வைக்க இந்த ரூம்ல இடம் ஏது? சோபாவைத் தூக்கிட்டாத்தான் முடியும்."

சோபா அவள் தேர்ந்தெடுத்தது. அதன் மேல் ஈரத் துண்டு போட்டதற்காக ஒரு முறை அவனோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். இங்கே பிடித்துவிடலாம் என்று நினைத்தான்.

"என் தம்பிக்குக் கொடுத்துடலாம்," என்றாள் அவள். "ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்கான்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைத்துனன் ஒரு குட்டி வேனோடு வந்து நின்றான்.

"மாமா, அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க."

"ஏன் மாப்ளே, இவ்வளவு அவசரமா?"

"அக்கா போன் பண்ணி, மாமா மனசு மாறுறதுக்குள்ள வந்து எடுத்துட்டுப் போன்னுச்சு."

மனசு மாறுவதற்குள்! அவன் தன் சோபாவைத் தானே தூக்கி, மூன்று மாடி இறக்கி, வேனில் ஏற்றிவிட்டு, முழங்கையில் தோல் உரிந்து மேலே வந்தான். உட்கார இடமில்லை. மேனேஜர் கண்ணாடிக்குள்ளிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதலான பார்வையாக அது இல்லை.

நின்றபடியே ஒரு டீயைக் குடித்துவிட்டு மீன் கடைக்குப் போனான். கடைக்காரர் நீண்ட வலையால் ஒரு தொட்டியைத் துழாவிக்கொண்டிருந்தார். இவன் போனில் இருந்த மேனேஜரின் படத்தைக் காட்டினான்.

"இவருக்கு ஒரு தொட்டி வேணும். ஆறடி."

கடைக்காரர் படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "அட, மருந்துக்கடை அக்கா வீட்டு மீனா? அப்ப நீங்கதான் அந்த சாரா?"

"எந்த சார்? அவளை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா நம்ம கடைக்கு எப்பவும் வர்றவங்களாச்சே."

"எதுக்கு?"

கடைக்காரரின் வலை தண்ணீரிலேயே நின்றது. அவர் ஒருமுறை இருமினார். "சும்மா... மீன் பார்க்க வருவாங்க. மனசுக்கு நல்லதாமே."

"அவளா? வீட்ல இருக்கிற மீனையே அவ திரும்பிப் பார்க்க மாட்டா."

"அது வந்து... பெரிய தொட்டியா வாங்குங்கன்னு நான்தான் அக்காகிட்டத் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இப்பவாவது வந்தீங்களே." கடைக்காரர் அவசரமாக விலை சொன்னார்.

அவன் பழக்க தோஷத்தில் பாதியைச் சொன்னான்.

"சரி சார்."

"என்னது?"

"பாதிக்கே எடுத்துக்கோங்க. அக்கா எனக்கு எவ்வளவோ வியாபாரம் கொடுத்திருக்காங்க."

அவனுக்குத் தலைக்குள் விளக்கு எரிந்தது. வியாபாரம் கொடுத்திருக்கிறாளாம்! மீன் தீனியை அவன்தான் ஆபீஸ் பக்கத்துக் கடையில் வாங்குகிறான். இவள் என்ன வாங்கியிருப்பாள்? இவளும் இந்த ஆளும் சேர்ந்து அக்கம்பக்கத்தில் இளிச்சவாயர்களைப் பிடித்துத் தொட்டி விற்கிறார்கள். அதற்குக் கமிஷன் வாங்குகிறாள். வேறு யாரும் கிடைக்காமல் கட்டின புருஷன் தலையிலேயே கட்டப் பார்க்கிறாள்.

"எனக்குத் தொட்டியே வேண்டாம்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

"சார், கால்வாசிக்குக்கூட..." என்று பின்னாலேயே குரல் வந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டில் அவள் சோபா இருந்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டி எப்ப வருது?"

"வராது."

அவள் நிமிர்ந்தாள். "ஏன்?"

"எனக்கு வேண்டாம். இந்தத் தொட்டியே போதும்."

"அதெப்படிப் போதும்? சோபாவைக் கொடுத்தாச்சு. நீங்கதானே கேட்டீங்க? வாங்கித்தான் ஆகணும்."

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒன்றை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று அவள் சொல்லிக் கேட்கிறான். 

"சரி, மூணடி வாங்குறேன்."

"ஆறடி."

"மூணு போதும்."

"ஆறு. மூணடியில எல்லாம் தங்காதுங்க."

"ஒன்றரை அடியிலேயே மூணு வருஷம் தங்கிச்சே?"

அவள் குனிந்து வாளியை இழுத்தாள். துணியைப் பிழிந்தாள்.

"நாலு," என்றான். சொன்ன பிறகுதான் உறைத்தது. வாழ்க்கையிலேயே முதல் முறையாக அவன் விலையை ஏற்றிக்கொண்டிருந்தான். கம்பெனியில் கேட்டால் சிரிப்பார்கள்.

"ஆறுன்னா ஆறுதான்."

அவன் வெடித்தான். "உனக்கு எவ்வளவு கமிஷன்?"

"என்ன கமிஷன்?"

"நடிக்காதே. மீன் கடைக்காரன் என்னைப் பார்த்ததும், அக்கா வீட்டு சாரான்னு பல்லைக் காட்டுறான். பாதி விலைக்கு வாயைத் திறந்து மூடுறதுக்குள்ள சரிங்கிறான். நீ எப்பவும் போற கடையாமே? எத்தனை பேருக்குத் தொட்டி வித்துக் கொடுத்த?"

"வாயை அளந்து பேசுங்க," என்றாள் அவள். குரல் மாறிவிட்டது. "நான் யாருக்கும் எதையும் விக்கலை."

"அப்ப எதுக்குப் போற அங்க?"

"சொன்னா மனசு கஷ்டப்படுவீங்க. விட்டுடுங்க."

"இனிமே படறதுக்கு என்ன இருக்கு? சோபா போச்சு. முழங்கை போச்சு. சொல்லு!"

"வேண்டாங்க."

"உன்னால சொல்ல முடியாது. ஏன்னா உனக்கும் இந்த மீனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது." அவன் தொட்டியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். சாட்சியை அழைத்து நிறுத்துவது போல ஒரு கையைக் கண்ணாடியில் வைத்தான். "என்னைக்காவது ஒரு சிட்டிகை தீனி போட்டிருப்பியா? நான் ஒரு வேளை தவறினது கிடையாது. தீப்பெட்டி அளவு இருந்ததை ஒரு சாணுக்குக் கொண்டுவந்தது யாரு? சில நாள் ஆபீஸ் விட்டு வந்து பார்த்தா ஒரே பகல்ல ரெண்டு விரக்கடை வளர்ந்திருக்கும். பார்த்திருக்கியா? கடைக்காரன்கூட அப்படி வளர்க்க மாட்டான். வளர வளர உடம்புல புள்ளியெல்லாம் இடம் மாறிச்சே, அதையாவது கவனிச்சியா? நான் கவனிச்சேன். மூணு வருஷமா இது என் முகத்தைப் பார்த்துத்தான் வளருது. வேற யாரையும் இதுக்கு அடையாளம் தெரியாது!"

மேனேஜர் மெதுவாகப் பின்வாங்கி மூலைக்குப் போனார்.

அவள் தரைத் துணியை வாளியில் போட்டாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மீனை ஒரு முறை பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அது வளரலைங்க. ஒவ்வொரு தடவை செத்தப்பவும் கடையில அதே சைஸ் கிடைக்கலை."