பூஜையில் மாட்டிக்கொண்ட குவாண்டம் புத்தகம்

தெரியாததைத் தெரியாது என்று சொல்பவன் எந்த இன்டர்வியூவிலும் மானத்தோடு வெளியே வருவான். எனக்கு அந்தப் பழக்கம் இருந்ததில்லை.

சிங்கப்பூரில், கிளமெண்டி பக்கம் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்குப் பேராசிரியர் நசீரிடம் ஒரே ஒரு இடம். தன்னிடமிருந்த ஒரு புத்தகத்தைப் படிக்கக் கொடுத்தார். அணுக்கள் ஏன் ஒன்றோடொன்று பிணைகின்றன என்பதைக் குவாண்டம் கொள்கையால் விளக்கிய புகழ்பெற்ற பழைய புத்தகம். (எங்கள் துறையில் எல்லோரும் புகழ்வார்கள், பாதிப் பேர் திறந்ததில்லை.)

"படிச்சிட்டு அடுத்த வாரம் வந்து பேசு. சரியாப் பேசினா இடம் உனக்கு."

"அட்டை டு அட்டை முடிச்சிட்டு வர்றேன், ப்ரொஃப்!"

முடித்தது அட்டையை மட்டும்தான். இன்டர்வியூவுக்கு முதல் நாள்தான் படிக்க நினைத்தேன். அன்று சரஸ்வதி பூஜை. லிட்டில் இந்தியாவில் பொரி வாங்கிக்கொண்டு ஃபேரர் பார்க் வீட்டுக்கு வருவதற்குள், அம்மா அந்தப் புத்தகத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் அடுக்கிவிட்டார்.

"அம்மா, அந்தத் தடிப் புக் வேணும்."

"கைய எடு! நாளைக்குக் காலைலதான் தொடணும்."

"நாளைக்கு இன்டர்வியூ மா!"

"ஒரு வாரம் சோபாவுல கிடந்துச்சே, அப்ப எங்கடா போயிருந்தே?"

மறுநாள் பூஜை முடிந்து புத்தகத்தோடு ரயிலுக்கு ஓடினேன். நின்றுகொண்டே இரண்டு பக்கம் படித்தேன். மேதையாகிவிட்ட மாதிரி இருந்தது.

நசீர் அட்டையைப் பார்த்தார். "பொட்டெல்லாம் வச்சிருக்கே?"

"சரஸ்வதி பூஜை, ப்ரொஃப்."

"மரியாதை பண்ணியாச்சு. படிச்சியா?"

"முழுசா."

"சரி. கார்பன் நாலு பிணைப்புக்குத் தயாராகணும்னா முதல்ல எனர்ஜி செலவாகும். அப்புறம் ஏன் அது ஒத்துக்குது?"

அந்த இரண்டு பக்கத்தில் இது இல்லை. வாய் மட்டும் நிற்கவில்லை.

"கார்பன்... கொஞ்சம் பெருந்தன்மையானது, ப்ரொஃப்."

"ஏம்பா, கார்பன் என்ன கோயிலுக்கு டொனேஷன் குடுக்குற முதலாளியா? நாலு பிணைப்பு உருவானா செலவழிச்சதவிட அதிகமா எனர்ஜி வெளிய வருது. லாபம்! கொஞ்சம் புரட்டியிருந்தாலே தெரிஞ்சிருக்கும் லா."

இடம் என் கிளாஸ்மேட்டுக்குப் போனது. எனக்கு யாரும் கேட்காத ஒரு ப்ராஜெக்ட் மிஞ்சியது.

வீட்டில் சொன்னதுதான் நான் செய்த அடுத்த தப்பு. இப்போது நானாகப் போய்ப் பாத்திரம் கழுவினால் போதும், அப்பா ஹாலிலிருந்தே அம்மாவுக்குக் குரல் கொடுப்பார்: "உஷாரா இரும்மா, கார்பன் ஏதோ லாபம் பார்த்துடுச்சு!"