ராசம்மா எப்படியும் படகில் ஏறுவார்

கம்ப்யூட்டர் விளையாட்டுல வர்ற ஆளுங்க பேசற தமிழ் தரமா இருக்கணும். இதுல யாருக்காவது மாற்றுக் கருத்து இருக்கா? எங்க டத்தோ லெட்சுமணன், சுல்தான்கிட்ட டத்தோ பட்டம் வாங்கினவரு, இதைத்தான் ஒரு மேடையில கேட்டாரு. யாரும் கை தூக்கல. கை தூக்காத காரணத்தால ஏகமனதா ஒரு குழு அமைச்சு, அவரையே தலைவரா போட்டுட்டாங்க. 'தமிழ் மின்விளையாட்டு உரையாடல் தர உறுதிக் குழு, ஜொகூர் வட்டாரம்.' மாசாயில ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல ஆபீஸ். கீழ மோட்டார் சைக்கிள் உறுமினா மேல டத்தோ பேசறது கேக்காது. அதனால எதையும் ரெண்டு தடவை சொல்லுவாரு. ரெண்டாவது தடவையும் விளங்காது, அது வேற விஷயம்.

நான் யோகேஸ்வரி. அந்தக் குழுவோட கிராணி. டைப் அடிக்கிறது, கூட்ட மினிட் எழுதுறது, கறிபாப் பலகாரம் வாங்கியாறது, ரப்பர் சாப் முத்திரை குத்துறது, கவுண்டர்ல உக்கார்றது எல்லாம் ஒரே ஆளு, நான்தான். கவுண்டருக்கு யார் வந்து எப்படிக் கேட்டாலும் எங்கிட்ட ஒரே பதில்: "திங்கட்கிழமை கூட்டம். முடிவு கடிதத்துல வரும்." சிரிச்சுக்கிட்டே சொல்லுவேன். ஆறு வருஷமா கவுண்டர்ல ஒரு சண்டை கிடையாது. 'இன்முகச் சேவை'ன்னு டத்தோ எனக்கு நற்சான்றிதழ் கூட கொடுத்திருக்காரு. கண்ணாடி போட்டுத் தலைக்கு மேல மாட்டி வச்சிருக்கேன்.

குழுவுல ஏழு பேரு. ஏழு பேர்ல ஒருத்தரும் ஆயுசுல ஒரு விளையாட்டு ஆடினதில்ல. "அதுதான் நம்ம பலம். ஆடினவங்க தீர்ப்பு சொன்னா ஒருதலைப்பட்சமா போயிடும்"னு டத்தோ சொன்னாரு. நியாயமாத்தான் பட்டுச்சு.

லோஷினி முதல் தடவை வந்தது ஒரு புதன்கிழமை. பாசிர் கூடாங் ஃபேக்டரியில ஷிஃப்ட் வேலை. யூனிஃபார்ம் மாத்தாம, ஃபேக்டரி பஸ்ஸுல இருந்து இறங்கி நேரா படியேறி வந்திருந்தா. கண்ணு ரெண்டும் சிவந்து கிடந்துச்சு. கையில ஒரு பென்டிரைவ்.

"அக்கா, நான் ஒரு விளையாட்டு எழுதியிருக்கேன். பேரு 'கூரை'. அடுத்த மாசம் ஜேபி டவுன்ல நடக்கற விளையாட்டு விழாவுல சிங்கப்பூர் கம்பெனிக்காரங்க வந்து ஒண்ணைத் தேர்ந்தெடுக்கப் போறாங்க. உங்க சான்றிதழ் இல்லாம மேடையில போடமாட்டாங்களாம். எப்ப கிடைக்கும்?"

"திங்கட்கிழமை கூட்டம். முடிவு கடிதத்துல வரும்."

"சரிக்கா. யாராவது ஒரு தடவையாவது ஆடிப் பாருங்க, பிளீஸ் லா."

ஆடறதுக்குன்னு எங்க விதியில ஆள் கிடையாது. ஆனா 'மென்பொருள் திறக்கிறதா என உறுதி செய்தல்'னு ஒரு வரி இருக்கு. அந்த வேலையும் கிராணியோடதுதான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல திறந்தேன்.

இந்த மாதிரி விளையாட்டுல நாமளே கதைக்குள்ள ஒரு ஆளா போறோம். எதிர்ல உள்ளவங்க பேசுவாங்க. நாம என்ன பதில் சொல்லலாம்னு மூணு நாலு வரி கீழ வரும். ஒண்ணைத் தொட்டா, அதுக்குத் தக்கபடி அவங்க பேசுவாங்க, கதையும் அந்தப் பக்கமா போகும். 'கூரை'யில சிகாமட் பக்கம் ஒரு கம்பம், அதாவது கிராமம். ஆறு பொங்கிடுச்சு. நாம படகுக்காரன். கத்தி இல்ல, துப்பாக்கி இல்ல, வெறும் வாய்தான். பேசிப் பேசியே ஆளுங்களைப் படகுல ஏத்தணும். கடைசி வீட்டுக் கூரை மேல ராசம்மான்னு ஒரு அம்மா உக்காந்திருக்காங்க, மடியில ஒரு சட்டி. வரமாட்டேங்கிறாங்க. எனக்கு மூணு வரி காட்டுச்சு.

நான் வீட்டுக்காரர்கிட்ட பேசற மாதிரியே கத்தறதைத் தொட்டேன்: 'ஏறுங்க சீக்கிரம்!' ராசம்மா என்னைப் பாத்தாங்க. "கத்துறவன் படகுல நான் ஏறமாட்டேன். நீ போய்யா." படகு போயிடுச்சு. திரும்பி வர்றப்ப அங்க கூரையே இல்ல.

கறிபாப்பைக் கீழ வச்சிட்டேன். மறுபடி ஆடினேன். இந்தத் தடவை 'தண்ணி ஏறுது, செத்துடுவீங்க'ன்னு பயமுறுத்தினேன். "நான் பாக்காத தண்ணியா?"ன்னாங்க. மறுபடி கூரை இல்ல. மூணாவது தடவை மிச்சம் இருந்த வரியைத் தொட்டேன்: 'மத்தியானத்துக்கு என்ன சமைச்சீங்க?' அவ்வளவுதான். அந்தம்மா மடியில இருந்த சட்டியைப் பாத்தாங்க. "மீன் சம்பல், தம்பி. யாரும் சாப்பிடல"ன்னாங்க. "இந்தா, முதல்ல சட்டியைப் பிடி"ன்னு குடுத்துட்டு இறங்கி வந்து ஏறினாங்க. அம்மாடின்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். கண்ணெல்லாம் தண்ணி. சாப்பாட்டு நேரம் முடிஞ்சு பத்து நிமிஷம் ஆயிருந்துச்சு, ஆறு வருஷத்துல முதல் தடவை.

மறுநாள் விண்ணப்பப் பாரத்துல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சுன்னு லோஷினி வந்தா. 'ஆடினேன்மா'ன்னு சொன்னேன். அவ முகம் மாறிடுச்சு.

"அது எங்க சொந்த அத்தை, அக்கா. நான்தான் மீட்புப் படகுல இருந்து கத்தினேன். 'சாவுறதுன்னா இங்கயே கிட'ன்னு சொன்னேன். அவ்வளவு கோவம். திரும்பிப் போறப்ப..." கையை மட்டும் ஆட்டிக் காட்டினா. "யாராவது ஒருத்தராவது சரியான வார்த்தையைச் சொல்லி அத்தையை ஏத்திடணும். அதுக்குத்தான் அஞ்சு வருஷமா எழுதினேன்."

திங்கட்கிழமை கூட்டம் கூடுச்சு. எங்க நடைமுறை என்னன்னா, விளையாட்டுல உள்ள எல்லாப் பேச்சையும் பேப்பர்ல அச்சடிச்சு, ஏழு பிரதி எடுத்து, முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் மினிட் படிக்கிற மாதிரி வரிசையா வாசிக்கிறது. மொழி ஆலோசகர் முனைவர் மதிவாணன் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு வாசிச்சாரு.

"ராசம்மா: 'நீ போய்யா.' அடுத்த வரி, அதே ராசம்மா: 'நான் பாக்காத தண்ணியா?' அடுத்த வரி, அதே ராசம்மா: 'மீன் சம்பல், தம்பி.' இந்த அம்மாவுக்குச் சித்த சுவாதீனம் இல்லையா?"

"கொள்கைப் பிடிப்பு இல்லாத பாத்திரம்"னாரு டத்தோ. கீழ மோட்டார் உறுமுச்சு. "கொள்கைப் பிடிப்பு இல்லாத பாத்திரம்."

எனக்குப் பொறுக்கல. "டத்தோ, அது மூணும் மூணு வழி. ஆடறவங்க ஒண்ணைத்தான் தொடுவாங்க. தொட்டதுக்கு ஏத்த மாதிரி..."

"யோகேஸ்வரி, கறிபாப் ஆறிப்போகுது."

எல்லாருக்கும் பரிமாறினேன்.

"அப்ப மூணு வழிக்கும் மூணு முடிவா?" முனைவர் பதறிட்டாரு. "ஒரு வழியில அம்மா செத்துப்போறாங்க! இது என்ன நற்கருத்து? ஒரு பக்கத்துக்கு மூணு நற்கருத்துன்னு நம்ம கேபிஐ இலக்கு இருக்கே?"

டத்தோ கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாரு. திறந்தப்ப தெளிவு பிறந்திருந்துச்சு. "தேர்வு இருக்கட்டும். மக்களுக்குத் தேர்வு பிடிக்கும். முடிவு ஒண்ணா இருக்கட்டும். நம்ம ஆண்டுப் பொதுக்கூட்டத்தைப் பாருங்க. ஓட்டுச் சீட்டு இருக்கு, பெட்டி இருக்கு, பதினெட்டு வருஷமா தலைவர் நான் இருக்கேன். யாருக்காவது குறை இருக்கா?"

யாரும் கை தூக்கல.

அன்னைக்கு நிறைவேறின தீர்மானங்களை நான்தான் டைப் அடிச்சேன். படகுக்காரர் எதைச் சொன்னாலும் ராசம்மா படகில் ஏறுவார். ஏறும் முன் வணக்கம் கூறுவார். 'வெள்ளம்' எதிர்மறைச் சொல் ஆதலால் 'கூடுதல் நீர்வரத்து' எனப்படும். மீன் சம்பலில் நற்கருத்து இல்லாமையால் நீக்கப்படுகிறது. அவ்விடத்தில் ராசம்மா நான்கு நிமிடம் பாதுகாப்பு விழிப்புணர்வு உரை ஆற்றுவார். உரையின் முடிவில் படகுக்காரர் அவருக்குப் பொன்னாடை போர்த்துவார். பொன்னாடை நனையாம இருக்கணும்னு ஒரு உறுப்பினர் திருத்தம் கொண்டுவந்தாரு. அதுவும் ஏற்கப்பட்டது.

லோஷினியைக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினாங்க. நின்னுக்கிட்டே கேட்டா.

"டத்தோ, எதைச் சொன்னாலும் ஏறிடுவாங்கன்னா, அப்புறம் எதுக்குப் பேசணும்?"

"மரியாதைக்கு."

"கத்தினாலும் ஏறுவாங்களா?"

"ஏறணும்மா. பொறுப்புள்ள குடிமகள் ஆச்சே."

"எங்க அத்தை ஏறல டத்தோ."

கீழ மோட்டார் சத்தம் இல்ல, எல்லாருக்கும் தெளிவா கேட்டுச்சு. டத்தோ கெட்ட மனுஷன் இல்ல. உண்மையாவே வருத்தப்பட்டாரு. "கேக்கவே கஷ்டமா இருக்கும்மா. அன்னைக்கே நம்ம குழு அங்கீகரிச்ச உரையாடல் கைவசம் இருந்திருந்தா, இந்த மாதிரி நடந்திருக்காது"ன்னாரு. எல்லாரும் தலையாட்டினாங்க.

அவ அழல. விழாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்துச்சு. "மேடையில காட்டறதுக்கு மட்டும்னா மாத்தித் தர்றேன்"னு சொல்லித் திருத்த ஒப்புதல் பாரத்துல கையெழுத்துப் போட்டா. 'திருத்தப்பட்ட வடிவமே இனி ஒரே வடிவம், முந்தைய வடிவம் எங்கும் வெளியிடப்படாது'ன்னு பாரத்தோட பின்பக்கம் ஒரு வரி இருக்கு. பொடி எழுத்து. அந்த வரியை டைப் அடிச்சதும் நான்தான். அவகிட்ட சொல்லியிருக்கலாம். சொல்லல. கவுண்டர்ல ஆள் காத்திருந்தாங்க.

விழா ஜோரா நடந்துச்சு. முதல்ல வரவேற்புரை, அப்புறம் தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, மறுபடி ஒரு வாழ்த்துரை. கடைசியா பெரிய திரையில 'கூரை'. டத்தோவே ஆடினாரு. மவுஸை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு நான் காட்டிக் குடுத்தேன். கத்தறதைத் தொட்டாரு.

"வணக்கம், படகோட்டி அவர்களே! கூடுதல் நீர்வரத்துக் காலங்களில் பொதுமக்களாகிய நாம்..." ராசம்மா கூரை மேல நின்னு நாலு நிமிஷம் பேசினாங்க. தண்ணியும் அதுவரைக்கும் அப்படியே நின்னு கேட்டுச்சு. பொன்னாடை போத்துனப்ப மண்டபமே கை தட்டுச்சு. நானும் தட்டினேன். நீங்க வந்திருந்தா நீங்களும் தட்டியிருப்பீங்க, அன்னைக்குக் கறிபாப் அவ்வளவு சூடு.

சிங்கப்பூர் கம்பெனியில இருந்து வந்தவரு பேரு லூயிஸ். அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. "மூணு வழியும் ஒரே இடத்துக்கு வருது. சோதிச்சுப் பாக்கற வேலையே இல்ல லா. இப்ப பெரிய பெரிய விளையாட்டெல்லாம் இப்படித்தான் எழுதறாங்க. ஆடறவனுக்கு நாம கேக்கற மாதிரி இருந்தா போதும், கேக்கணும்னு இல்ல." 'சிறந்த உரையாடல்' விருது எங்க குழுவுக்குக் கிடைச்சது. நன்றியுரையில லோஷினி பேரும் வந்துச்சு, நாற்காலி குடுத்தவங்களுக்கு அப்புறம்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் லோஷினி மறுபடி கவுண்டருக்கு வந்தா. நான் அப்பதான் சாப்பாட்டு டப்பாவை எடுத்து வச்சிருந்தேன். அவ கையெழுத்துப் போட்ட பாரம் என் டிராயர்ல இருந்துச்சு. சாப் குத்தல இன்னும். சாப் குத்தாத பாரம் எங்க ஆபீஸ்ல வெறும் பேப்பர். எடுத்து அவ கையில குடுத்தா முடிஞ்சுது கதை, டத்தோ தேடக்கூட மாட்டாரு. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அக்கா, பின்பக்கம் இருந்ததை இப்பதான் படிச்சேன். எனக்கு விருதும் வேணாம், சிங்கப்பூரும் வேணாம். அந்தப் பாரத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க, பிளீஸ்."

"திங்கட்கிழமை கூட்டம். முடிவு கடிதத்துல வரும்"னேன். சிரிச்சுக்கிட்டேதான்.

"உங்களுக்குத் தெரியும்ல! நீங்க ஆடினீங்கல்ல! அத்தையை நீங்க பாத்தீங்கல்ல!" கவுண்டரைத் தட்டினா. கீழ பட்டறையில வேலைச் சத்தம் நின்னுடுச்சு.

"திங்கட்கிழமை கூட்டம்மா. முடிவு கடிதத்துல வரும்."

"பேப்பர்ல எழுதுவேன். எல்லாத்தையும் வெளியில சொல்லிடுவேன், உங்க பேரு உட்பட."

"முடிவு கடிதத்துல வரும்."

அவ மூச்சு வாங்கிக்கிட்டு நின்னா. என் தலைக்கு மேல இருந்த நற்சான்றிதழைப் பாத்தா. அப்புறம் மேசையில இருந்த சாப்பாட்டு டப்பாவைப் பாத்தா. குரலைத் தாழ்த்தி, அவ்வளவு மெதுவா கேட்டா:

"மத்தியானத்துக்கு என்னக்கா சமைச்சீங்க?"

அது எந்த வரின்னு இந்த ஆபீஸ்ல தெரிஞ்ச ஒரே ஆளு நான். கை டிராயர் வரைக்கும் போயிடுச்சு, சத்தியமா போயிடுச்சு.

"மீன் சம்பல்"னேன்.

அவ காத்திருந்தா.

"திங்கட்கிழமை கூட்டம். முடிவு கடிதத்துல வரும்."

அவ என்னை ஒரு தடவை பாத்துட்டுப் படியிறங்கிப் போயிட்டா. சம்பலைத் திறந்தேன், இறங்கல. ரெண்டு மணிக்குப் பாரத்தை எடுத்துச் சாப் குத்தினேன். பதிவேட்டுல அன்னைய தேதிக்கு நேரா எழுதி வச்சேன்: 'விண்ணப்பதாரருடன் உரையாடல் நடைபெற்றது. தரம்: திருப்தி.'